ரைபோசோமில் ஆன்டிபயாட்டிக் எப்படிப் பிடிக்கிறது: கணினியில் நீங்களே பார்த்துப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் மைக்ரோபயாலஜி, பயோடெக், பார்மசி, கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை விரும்பி எடுக்கிறார்கள். ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதத்தைக் கோத்துத் தரும் இயந்திரம்; பாக்டீரியாவின் ரைபோசோமில் மருந்து எங்கே, எப்படி உட்காருகிறது என்று காட்டுவதுதான் புராஜெக்ட். படம் அழகாக வந்துவிடுகிறது. வைவாவில் "இந்த மருந்து இங்கே உட்கார்ந்ததால் எது நின்றது?" என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்வதால் வரும் வினை இது. மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேடுகிறார்கள். முதலில் இடத்தின் வேலையைத் தெரிந்துகொண்டு, அப்புறம் மருந்திடம் போக வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி ராம் உள்ள சாதாரணக் கணினி போதும். மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம். புரதம், ஆர்என்ஏ போன்றவற்றின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கின் ஆர்சிஎஸ்பி தளத்திலேயே மோல்ஸ்டார் என்ற முப்பரிமாணக் கருவி இருக்கிறது, பிரவுசரில் திறக்கும். போனிலும் திறக்கும்தான், ஆனால் ஒற்றை அணுவை விரலால் தொட்டுத் தேர்ந்தெடுப்பது பெரும்பாடு.

ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் ரைபோசோமில் உள்ள 16எஸ் (சிறு பாதியுடையது), 23எஸ் (பெரிய பாதியுடையது) ஆர்என்ஏக்களின் இரண்டாம்நிலை வரைபடங்களை, அதாவது இழை எங்கெங்கே மடிந்து ஜோடி சேர்கிறது என்று காட்டும் படங்களை, ஏ3 தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காந்திபுரத்திலோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கமோ எந்த ஜெராக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஏ4இல் எடுத்தால் எண்களைப் படிக்க முடியாது. 16எஸ்ஸில் 1542 நியூக்ளியோடைடுகள் (ஆர்என்ஏ இழையின் கண்ணிகள்; ஏ, ஜி, சி, யு என்று நான்கு எழுத்துகளால் குறிப்பார்கள்), 23எஸ்ஸில் 2904. இந்த வரைபடம் இல்லாமல் திரையில் இறங்கினால் திசை தெரியாமல் போய்விடும்.

நோட்டில் ஒரு பக்கத்தில் இந்தப் பத்திகளைப் போட்டுவையுங்கள்: அமைப்பின் குறியீடு, எந்த உயிரி, நியூக்ளியோடைடு எண், எந்த அணு, தூரம். பார்க்கப் பார்க்க நிரப்ப வேண்டும். "அப்புறமா எழுதிக்கிறேனுங்க" என்று விட்டால், அடுத்த முறை அதே அணுவைத் தேடியே பொழுது போய்விடும்.

2. உங்கள் மருந்து ரைபோசோம் மருந்துதானா?

நாமக்கல் கோழிப்பண்ணைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கொலிஸ்டினைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் அதை 2019இல் இந்தியா தடைசெய்தது செய்திகளில் அடிபட்டதால் பெயர் பழக்கம். ஆனால் கொலிஸ்டின் வேலை செய்வது பாக்டீரியாவின் சவ்வில். அமாக்சிசிலின் செல்சுவரில், சிப்ரோஃப்ளாக்சசின் டிஎன்ஏ ஜைரேஸில். இவற்றை வைத்துக்கொண்டு ரைபோசோமில் தேடினால் எதுவும் அகப்படாது.

ரைபோசோமுக்கு இரண்டு பகுதிகள்: சிறியது 30எஸ் (16எஸ் இதில்), பெரியது 50எஸ் (23எஸ் இதில்). 30எஸ் பக்கம் பிடிப்பவை: ஸ்ட்ரெப்டோமைசின், கெண்டாமைசின், அமிக்காசின், பரோமோமைசின், ஸ்பெக்டினோமைசின், டெட்ராசைக்ளின் வகை. 50எஸ் பக்கம் பிடிப்பவை: எரித்ரோமைசின், அசித்ரோமைசின், குளோரம்பெனிக்கால், கிளிண்டாமைசின், லினசோலிட். மாட்டுக்குப் போடும் ஸ்ட்ரெப்டோ-பெனிசிலின் ஊசியில் ஒரு பாதிதான் இந்த வழிகாட்டிக்கு உட்பட்டது. மறுபாதி செல்சுவருக்குப் போகிறது.

3. மருந்தை மறந்துவிட்டு, வேலை நடக்கும் இடங்களைப் படியுங்கள்

அச்செடுத்த வரைபடத்தில் நான்கு இடங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள்.

முதலாவது, 16எஸ்ஸின் 44ஆம் ஹெலிக்ஸின் (ஆர்என்ஏ மடிந்து ஜோடி சேர்ந்து முறுக்கிய பகுதியின்) மேல்முனை. செய்தியைக் கொண்டுவரும் எம்ஆர்என்ஏவின் மூன்றெழுத்துக் கோடானும், அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏவின் ஆன்டிகோடானும் சரியாகப் பொருந்தினவா என்று சோதிக்கும் இடம் இது. சோதிப்பவை ஏ1492, ஏ1493, ஜி530 ஆகிய மூன்றும் (எழுத்து நியூக்ளியோடைடின் வகை, எண் வரிசையில் அதன் இடம்).

இரண்டாவது, 31, 34ஆம் ஹெலிக்ஸ்களுக்கு நடுவே, புதிய டிஆர்என்ஏ வந்து உட்காரும் ஏ-தளம். மூன்றாவது, 23எஸ்ஸில் அமினோ அமிலங்களைக் கோக்கும் மையம். ஏ2451, சி2452, ஜி2505, யு2506 என்ற எண்கள் அங்கே வரும். நான்காவது, கோத்த புரதச் சங்கிலி வெளியேறும் சுரங்கத்தின் தொடக்கம், ஏ2058, ஏ2059.

நான்கு இடமும் ஆர்என்ஏ. ரைபோசோமில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் இருந்தாலும், இந்த மருந்துகள் முக்கியமாகப் பற்றிக்கொள்வது ஆர்என்ஏவை. புரதத்தில் ஆக்டிவ் சைட் தேடிப் பழகியவர்கள் இங்கேயும் புரதச் சங்கிலிகளைத்தான் முதலில் திறக்கிறார்கள், வெறுங்கையோடு திரும்புகிறார்கள். முதல் நாள் இந்த வரைபடத்தோடு மட்டும் உட்காருங்கள், கணினியைத் திறக்காதீர்கள்.

4. சிறிய அமைப்பிலிருந்து தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் 30எஸ்ஸும் 50எஸ்ஸும் சேர்ந்த முழு 70எஸ்ஸைத் திறக்க வேண்டாம். அணுக்கள் லட்சக்கணக்கில் வரும், கணினி திணறும், கண்ணும் திணறும். 30எஸ் மட்டும் உள்ள 1எஃப்ஜேஜி என்ற அமைப்பைத் தேடுங்கள் (தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்). தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் 30எஸ் அது, தெளிவுத்திறன் 3.0 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அதில் ஸ்ட்ரெப்டோமைசின், ஸ்பெக்டினோமைசின், பரோமோமைசின் மூன்றும் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பழகுவதற்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

திறந்தவுடன் நூலுருண்டை மாதிரி ஒரு குவியல் வரும். "ஏனுங்க மேடம், இதுல மருந்தே காணோமுங்களே?" என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். சுழற்றிச் சுழற்றித் தேடாதீர்கள். அமைப்பின் பக்கத்தில் சிறு மூலக்கூறுகளின் பட்டியல் இருக்கும். அங்கே பிஏஆர் என்றிருப்பது பரோமோமைசின், எஸ்ஆர்ஒய் ஸ்ட்ரெப்டோமைசின், எஸ்சிஎம் ஸ்பெக்டினோமைசின். அங்கிருந்தே முப்பரிமாணக் காட்சிக்குப் போனால் கருவி நேராக மருந்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.

அதே பட்டியலில் மெக்னீசியமும் துத்தநாகமும் இருக்கும். திரையில் தனித்தனி உருண்டையாகத் தெரியும் மெக்னீசியத்தை மருந்து என்று குறித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. மருந்து என்றால் வளையங்கள் இருக்கும். ஒற்றை உருண்டை அயனி.

5. எண்ணைச் சரிபார்க்காமல் ஓர் அடி நகராதீர்கள்

நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் படியில்தான் பிறக்கின்றன. கட்டுரைகளில் ஏ1492, ஏ2058 என்று வருவதெல்லாம் ஈ. கோலையின் எண்கள். உங்கள் திரையில் இருக்கும் ரைபோசோம் வேறு உயிரியுடையது. தெர்மஸின் 16எஸ் நீளம் ஈ. கோலையுடையதைவிடக் குறைவு, வரிசையாக எண்ணினால் எண்கள் வழுக்கும்.

1எஃப்ஜேஜியைச் செய்தவர்கள் ஈ. கோலை எண்களையே அதில் இட்டிருக்கிறார்கள். ஆனால் மோல்ஸ்டார் சில இடங்களில் இரண்டு எண்களைக் காட்டும்: ஒன்று வரிசை எண், மற்றது 'ஆத்' என்ற குறிப்போடு வரும் ஆசிரியர் எண். உங்களுக்கு வேண்டியது ஆசிரியர் எண்.

நம்பிக்கையின் பேரில் விடாமல் எழுத்தைப் படித்துப் பாருங்கள். 1491 முதல் 1495 வரை ஜி, ஏ, ஏ, ஜி, யு என்று வர வேண்டும். எதிர் இழையில் 1405 முதல் 1409 வரை ஜி, யு, சி, ஏ, சி. இந்த இரண்டும் ஒத்துப்போனால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். 23எஸ்ஸில் இதே சோதனைக்கு 2057 முதல் 2062 வரை பாருங்கள்: ஜி, ஏ, ஏ, ஏ, ஜி, ஏ.

50எஸ் அமைப்புகளில் இந்தப் பொறி இன்னும் ஆழம். டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் 50எஸ்ஸோடு எரித்ரோமைசின் சேர்ந்த 1ஜேஇசட்ஒய் அமைப்பைத் திறந்து 2058ஐத் தேடினால் மருந்துக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று வரும். ஈ. கோலையின் ஏ2058 அந்த உயிரியில் ஏ2041. ஹாலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுயில் அதே இடம் 2099. அது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற தனி வகை நுண்ணுயிர். இயற்கையில் அங்கே ஏவுக்குப் பதில் ஜி இருக்கிறது. காசநோய்க் கிருமியின் 16எஸ்ஸில் ஏ1401 என்று ஆய்வக அறிக்கைகளில் வருவது ஈ. கோலையின் ஏ1408. நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த உயிரியின் எண் என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

6. மருந்தின் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள்

பரோமோமைசினில் தொடங்குங்கள். மருந்தின் மேல் ஒரு கிளிக் செய்தால் அதைச் சுற்றி சுமார் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் உள்ளவை மட்டும் குச்சி-உருண்டை வடிவில் தெரியும். பிணைப்புகள் புள்ளிக்கோடாக வரும்.

பரோமோமைசினில் நான்கு வளையங்கள், ஐந்து அமினோ தொகுதிகள். உடல் திரவத்தில் அமினோ தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்றிருக்கும். ஆர்என்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னேற்றம் உள்ள பாஸ்பேட். அருகே இழுப்பது இந்த மின்கவர்ச்சி. அதோடு நிறுத்திவிட்டால் பாதிப் பதில்தான், ஏனென்றால் எந்த ஆர்என்ஏவிலும் பாஸ்பேட் இருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு முதல் வளையத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் வளையம் ஜி1491இன் பேஸ் (நியூக்ளியோடைடில் ஜோடி சேரும் தட்டையான பகுதி) மீது தட்டையாக அடுக்கி உட்கார்ந்திருக்கும். அதே வளையம் எதிரே உள்ள ஏ1408ஐ விளிம்போடு விளிம்பாகச் சந்திக்கும்: வளைய ஆக்சிஜன் ஏ1408இன் என்6 என்ற நைட்ரஜன் அணுவுக்கு எதிரே, 6' நிலையில் உள்ள ஹைட்ராக்சில் அதன் என்1க்கு எதிரே. அதாவது இன்னொரு பேஸ் வந்து ஜோடி சேர்ந்த மாதிரி ஒரு சர்க்கரை அங்கே ஜோடி சேர்ந்திருக்கிறது. இரண்டாம் வளையம் ஜி1494, யு1495 இரண்டையும் பிடிக்கிறது. மூன்றும் நான்கும் பெரும்பாலும் முதுகெலும்பைத் தொடுகின்றன. பிடிப்பைக் கூட்டும், இடத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் இரண்டு வளையங்கள்தான்.

இப்போது ஏ1492, ஏ1493 இரண்டையும் தேடுங்கள். ஹெலிக்ஸுக்குள் இருக்க வேண்டியவை வெளியே புரண்டு நிற்கும். திரையை மெல்லச் சுழற்றி, இரண்டு பேஸ்களும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதை ஒரு நிமிடம் பாருங்கள். மருந்து உட்கார்ந்த இடத்தில் அவற்றுக்கு உள்ளே இடமில்லை.

7. தூரத்தை அளங்கள், தசமத்தை நம்பாதீர்கள்

அளக்கும் கருவியில் ஒரு வில்லங்கம் உண்டு. தேர்வு முறையைத் திறந்தால் மோல்ஸ்டார் இயல்பாக முழு நியூக்ளியோடைடையும் தேர்ந்தெடுக்கும். தூரமும் அதன் மையத்திலிருந்தே கணக்காகும். தேர்வு அளவை 'அணு' என்று மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்பு 7 ஆங்ஸ்ட்ராம் என்று நோட்டில் இருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 2.5 முதல் 3.5 வரை வந்தால் ஹைட்ரஜன் பிணைப்பாக எடுத்துக்கொள்ளலாம். அடுக்கிய வளையங்களுக்கு நடுவே 3.4 முதல் 3.8 வரை. 3 ஆங்ஸ்ட்ராம் தெளிவுத்திறனில் ஹைட்ரஜன் அணுவே தெரியாது, நீர் மூலக்கூறுகளும் ஏறக்குறையத் தெரியாது. அதனால் 2.87 என்று கருவி காட்டினாலும் "சுமார் 3" என்றே எழுதுங்கள். புள்ளிக்கோடு கருவியின் ஊகம். ஒரு முனையில் ஹைட்ரஜனைக் கொடுக்கும் அணுவும் மறுமுனையில் அதை வாங்கும் அணுவும் இருக்கின்றனவா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

8. மருந்து இல்லாத அமைப்போடு ஒப்பிடுங்கள்

இன்னொரு டேபில் 1ஜே5இ என்ற அமைப்பைத் திறங்கள். அதே பாக்டீரியாவின் 30எஸ், மருந்து இல்லாமல். 44ஆம் ஹெலிக்ஸில் ஏ1492, ஏ1493 உள்பக்கம் இருப்பதைப் பாருங்கள்.

சரியான டிஆர்என்ஏ வந்து கோடானோடு பொருந்தும்போது இந்த இரண்டு பேஸ்களும் தாமாக வெளியே புரண்டு, பொருத்தத்தைத் தொட்டுச் சோதிக்கும். அதற்கு ஆற்றல் செலவாகும். தவறான டிஆர்என்ஏ வந்தால் அந்தச் செலவுக்கு ஈடு கிடைக்காது, அது கழன்றுபோகும். பரோமோமைசின் அந்தச் செலவை முன்கூட்டியே கட்டிவிடுகிறது. அதனால் கிட்டத்தட்டப் பொருந்தும் டிஆர்என்ஏவும் உள்ளே ஏற்கப்படுகிறது, தவறான புரதங்கள் உருவாகின்றன. ரைபோசோம் நின்றுவிடவில்லை, தப்பும் தவறுமாக ஓடுகிறது. "புரத உற்பத்தியைத் தடுக்கும்" என்று ஒரே வரியில் எழுதும் அறிக்கைகளை இந்தப் படியைத் தாண்டாதவை என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

9. இரண்டு குறுக்குச் சோதனைகள்

படம் மட்டும் சான்றாகாது. நீங்கள் முக்கியம் என்று சொன்ன தொடர்பு உண்மையிலேயே முக்கியமா என்று இரண்டு வழியில் கேளுங்கள்.

முதலில் மனித ரைபோசோம். நம் செல்லின் முக்கிய ரைபோசோமில் (மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே உள்ளதில்) 1408க்கு இணையான இடத்தில் ஜி, 1491க்கு இணையான இடத்தில் ஏ. முதல் வளையத்தின் ஜோடி கலைகிறது. மருந்து பாக்டீரியாவைத் தேர்ந்து தாக்குவதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவுடையதை ஒத்தது, அங்கே 1408இல் ஏ தான். அந்த ரைபோசோமின் 12எஸ் ஆர்என்ஏவில் ஏ1555ஜி (1555இல் ஏ ஜியாவது) என்ற மாற்றம் உள்ளவர்களுக்கு 1491க்கு இணையான இடமும் ஜி ஆகிவிடுகிறது. அமினோகிளைக்கோசைடு (கெண்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை) ஊசி அவர்களுடைய செவித்திறனைப் பறிக்கக்கூடும். அது தாய்வழியாக வருவது, ஆகவே தாய்வழி உறவில் ஊசிக்குப் பின் காது கேட்காமல் போனவர்கள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து எதிர்ப்புத்திறன். எதிர்ப்புள்ள பாக்டீரியாக்களின் ஆர்ம்ஏ, ஆர்எம்டிபி நொதிகள் ஜி1405இல் ஒரு மீத்தைல் (சிறு கார்பன் தொகுதி) வைக்கின்றன. கெண்டாமைசினும் அமிக்காசினும் அங்கே முட்டி நிற்கும். நோட்டில் நீங்கள் எழுதிய தொடர்புப் பட்டியலோடு இந்த எண்களை ஒப்பிடுங்கள். இன்னொன்று: ஈ. கோலையிடம் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான (ஆர்ஆர்என்ஏ) மரபணுத் தொகுதிகள் ஏழு, காசநோய்க் கிருமியிடம் ஒன்றே ஒன்று. ஏழில் ஒன்று மாறினால் மற்ற ஆறு ரைபோசோம் வகை மருந்துக்கு அகப்பட்டே இருக்கும். ஒன்று மட்டும் உள்ளவரிடம் அந்த ஒரே மாற்றம் போதும். அதனால்தான் ஏ1401ஜி போன்ற மாற்றங்கள் காசநோய் அறிக்கைகளில் இவ்வளவு வருகின்றன.

10. அடுத்த மருந்துகளுக்கு இதே வரிசை

ஸ்ட்ரெப்டோமைசின் அதே 1எஃப்ஜேஜியில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 16எஸ்ஸின் பல பகுதிகளின் பாஸ்பேட்டுகளை ஒருங்கே கட்டிப் பிடிக்கிறது. கூடவே எஸ்12 புரதத்தின் ஒரு லைசினையும். புரதம் முக்கியப் பங்கெடுக்கும் இடம் இது. இந்த அமைப்பில் எஸ்12 எல் சங்கிலி. காசநோயில் எஸ்12இன் 43ஆம் லைசின் மாறினால் ஸ்ட்ரெப்டோமைசின் எடுபடாது.

ஸ்பெக்டினோமைசின் 34ஆம் ஹெலிக்ஸில் ஜி1064, சி1192 பக்கம். 30எஸ்ஸின் தலைப்பகுதி அசைந்தால்தான் டிஆர்என்ஏ நகரும். அந்த அசைவை இது பிடித்துவைக்கிறது. தவறான வாசிப்பு இதில் வராது. பரோமோமைசினோடு சேர்த்து ஒரே வாக்கியத்தில் எழுதிவிடாதீர்கள்.

டெட்ராசைக்ளினுக்கு 1எச்என்டபிள்யூ. அதில் மருந்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியும். 31, 34ஆம் ஹெலிக்ஸ்களுக்கு நடுவே உள்ளதுதான் முக்கிய இடம். அங்கே மெக்னீசியம் இடையில் நின்று மருந்தையும் பாஸ்பேட்டையும் இணைக்கிறது. பேஸ்களைவிட முதுகெலும்பையே அதிகம் பிடிப்பதால் பல வகைப் பாக்டீரியாக்களிலும் வேலை செய்கிறது. உலோகத்தைப் பிடிக்கும் அந்த ஆக்சிஜன் விளிம்புதான் பாலிலும் ஆன்டாசிட்டிலும் உள்ள கால்சியத்தையும் பிடித்துக்கொள்கிறது. மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது என்பது அதனால்.

எரித்ரோமைசினுக்கு 4வி7எக்ஸ், தெர்மஸின் முழு 70எஸ். ஒரே கோப்பில் இரண்டு ரைபோசோம்கள் இருக்கும், சங்கிலிப் பெயர்கள் இரண்டெழுத்தாக வரும். ஒன்றை மறைத்துவிட்டு வேலை பாருங்கள். மருந்தின் டெசோசமின் சர்க்கரையில் உள்ள 2' ஹைட்ராக்சில் ஏ2058இன் என்1ஐத் தொடுகிறது. அங்கே ஜி இருந்தால் அதன் அமினோ தொகுதி நீட்டிக்கொண்டு இடிக்கும். நம் செல்லின் ரைபோசோமில் ஜி தான். எர்ம் நொதி அதே ஏ2058இல் இரண்டு மீத்தைல்களை வைத்து மருந்தை விலக்குகிறது.

சுரங்கம் முழுக்க அடைபடுகிறது என்று எழுதிவிடாதீர்கள். கீழ்பவானி வாய்க்கால் மதகைப் பாதி இறக்கி வைத்த மாதிரி, சில புரதங்கள் அந்த இடுக்கில் நுழைந்தும் போகின்றன; எது நிற்கும், எது போகும் என்பது அந்தப் புரதத்தின் அமினோ அமில வரிசையைப் பொறுத்தது.

11. அறிக்கையில் எழுதும் முறை

ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான்கு விவரங்கள் கட்டாயம்: அமைப்பின் குறியீடு, உயிரி, தெளிவுத்திறன், எந்த உயிரியின் எண்முறை. படத்தில் மருந்தும் நீங்கள் பேசும் ஐந்தாறு நியூக்ளியோடைடுகளும் மட்டும் இருக்கட்டும், மற்றதை மறைத்துவிடுங்கள்.

உரையில் வரிசை: இடத்தின் வேலை, மருந்தின் தொடர்புகள், அதனால் நகராமல் போனது அல்லது நகர்ந்துவிட்டது, மனித ரைபோசோமில் அந்த எழுத்து, எதிர்ப்புத்திறனில் அந்த எழுத்து. ஐந்தில் ஒன்றுக்கு உங்களிடம் பதில் இல்லை என்றால் பைண்டிங்குக்குக் கொடுக்குமுன் ஆறாம் படிக்குத் திரும்புங்கள். வண்ணங்களைக் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.